மூடிய விளையாட்டைத் திறக்கச் சொல்லி என்ன கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: கம்பெனிகள் நிறுத்திவிட்ட ஆன்லைன் விளையாட்டுகள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க இத்தனை பேருக்கு இதே ஏக்கம் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாபுராவ் தெருப் பக்கம் பல வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். அங்கே உட்கார்ந்து ஆடியவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்தப் பக்கங்களை முழுக்க இதற்கே கொடுக்கிறேன்.

அண்ணா, பள்ளியில் படிக்கும்போது வேலூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு ஆன்லைன் விளையாட்டை வருஷக்கணக்காக ஆடினோம். பிறகு அதை மூடிவிட்டார்கள். அன்று சேர்ந்து ஆடியவர்கள் இன்று சென்னை, பெங்களூரு, துபாய் என்று இருக்கிறோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. மனு போட்டால் விளையாட்டு திரும்பி வருமா? அப்படி வந்தது உண்டா?
— மென்பொருள் ஊழியர், சத்துவாச்சாரி

உண்டு தம்பி. ஆனால் திரும்பி வந்தவை எப்படி வந்தன என்று பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

ரூன்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என் சென்டரில் பையன்கள் விழுந்து விழுந்து ஆடியது அதைத்தான். ஜாவா இருந்தால் போதும், பிரவுசரிலேயே ஓடும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எங்கள் கம்ப்யூட்டர்களில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் போட்டிருந்தோம். அணைத்துப் போட்டால் அன்றைக்குச் செய்தது எல்லாம் அழிந்து பழைய நிலைக்கு வந்துவிடும். மற்ற விளையாட்டுகளில் சேமித்தது போயே போய்விடும். ரூன்ஸ்கேப்பில் அந்தக் கவலை இல்லை. வெட்டிய மரம், பிடித்த மீன் எல்லாம் ஜேஜெக்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் சர்வரில், அதாவது விளையாட்டை நடத்தும் அவர்களுடைய கம்ப்யூட்டரில், பத்திரமாக இருக்கும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் கொல்கத்தாக் குடும்பத்துப் பையன், ஊரில் விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்வான். அப்பாவுக்கு ரிப்போர்ட் வரும்வரை அவனுக்கு அது ஒன்றுதான் தெரிந்த இடம். ஒரு விளையாட்டை மூடுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2012 நவம்பரில் ஜேஜெக்ஸ் அந்த விளையாட்டின் சண்டை முறையையே அடியோடு மாற்றியது. பழைய ஆட்கள் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2013 பிப்ரவரியில் கம்பெனி ஒரு செய்தி சொன்னது: 2007 ஆகஸ்ட் மாதத்து விளையாட்டின் முழு நகல் ஒன்று கைவசம் இருக்கிறது, வேண்டுமானால் ஓட்டுப் போடுங்கள். நாலு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் விழுந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி பழைய ரூன்ஸ்கேப் திறந்தது. இன்று புதியதைவிடப் பழையதில்தான் கூட்டம் அதிகம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தது. ஒவ்வொரு விரிவாக்கம் வரும்போதும் அதன் பழைய உலகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. 2013-இல் ஒரு ரசிகர் மேடையிலேயே பழையதைக் கேட்டபோது, பிளிசார்ட் கம்பெனியின் அதிகாரி, 'வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு வேண்டாம்' என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். ரசிகர்கள் கேட்கவில்லை. நோஸ்டால்ரியஸ் என்ற பெயரில் தாங்களே ஒரு சர்வர் நடத்தினார்கள். வக்கீல் கடிதம் வந்து 2016 ஏப்ரலில் அதை மூட வேண்டியதாயிற்று. அதை ஒட்டிப் போட்ட மனுவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அடுத்த வருஷம் நவம்பரில் கம்பெனி இறங்கி வந்து, பழைய பதிப்பைத் தருகிறோம் என்று அறிவித்தது. 2019 ஆகஸ்டில் திறந்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? 1.12 என்ற பழைய பதிப்பின் தகவல்கள் அழியாமல் இருந்தன. அவற்றை எடுத்து, இன்றைய மென்பொருளோடு பொருத்தினார்கள்.

மூன்றாவது, சிட்டி ஆஃப் ஹீரோஸ். 2012 நவம்பர் 30-இல் என்சிசாஃப்ட் என்ற கம்பெனி அதை மூடியது. மூடும் முன்பு ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள்ளேயே ஒன்று கூடித் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். மனு, கடிதம் எல்லாம் அனுப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2019-இல் ஒரு செய்தி வெடித்தது: ஒரு சின்னக் குழு அந்த சர்வரின் நிரலை (புரோகிராமை) வைத்துக்கொண்டு பல வருஷமாக ரகசியமாக ஆடிக்கொண்டிருந்தது. வெளியே விடப்பட்ட மற்றவர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அப்புறம் நிரல் பொதுவில் வந்தது, ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வர் பிறந்தது, 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட்டே அதற்கு முறையான உரிமம் கொடுத்தது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மனு உதவியது, கோபம் உதவியது. ஆனால் மூன்றிலும் யாரோ ஒருவர் பொருளை அழியாமல் வைத்திருந்தார். நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் வழிபாடு இல்லாமல் கிடந்து, 1981-இல் லிங்கம் மறுபடி உள்ளே வந்ததே, அத்தனை காலமும் உங்கள் சத்துவாச்சாரியில் அதை வைத்துக் காத்தவர்கள் இருந்ததால் அல்லவா வர முடிந்தது? காத்து வைத்தவர் இல்லாவிட்டால், எத்தனை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டாலும் கம்பெனியாலேயே கொண்டுவர முடியாது.

ஆகவே 'மறுபடி ஆரம்பியுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு அவர்கள் ஆள் போட வேண்டும், சர்வருக்கு மாதாமாதம் செலவழிக்க வேண்டும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முடியாது என்று ஒரே வரியில் பதில் வரும். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: சர்வர் நிரலும் தகவல் தளமும் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் அழிக்காதீர்கள். அடுத்தது, நாங்களே எங்கள் செலவில் லாபம் இல்லாமல் நடத்திக்கொள்ள உரிமம் தருவீர்களா? ஹோம்கமிங் உதாரணத்தைக் காட்டுங்கள். நாக்அவுட் சிட்டி என்ற விளையாட்டை 2023 ஜூனில் மூடியபோது, தனியார் சர்வரில் ஓடும் ஒரு பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டே கிளம்பினார்கள். அதையும் காட்டுங்கள். அதுவும் முடியாது என்றால், படங்களையாவது கேளுங்கள். கிளிட்ச் என்ற விளையாட்டு 2012 டிசம்பரில் மூடியது. அடுத்த வருஷம் அதன் ஓவியங்களைக் கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டது. (அலுவலகங்களில் நீங்கள் பயன்படுத்தும் ஸ்லாக், அந்த விளையாட்டைச் செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த கருவியிலிருந்து வந்ததுதான்.)

இன்னொன்று. யாருக்கு அனுப்பப் போகிறீர்கள்? அந்தக் காலத்தில் இந்தியாவில் நடந்த ஆன்லைன் விளையாட்டுகளில் பல, கொரியாவில் செய்தவை. இங்கே நடத்தியவர்கள் உரிமம் வாங்கி நடத்தியவர்கள். அவர்களிடம் மனு கொடுத்துப் பலன் இல்லை. விளையாட்டின் முதல் திரையில் சிறிய எழுத்தில் காப்புரிமை யாருடையது என்று இருக்கும். பழைய ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கம்பெனி கை மாறியிருந்தால், இப்போதைய முதலாளிக்கு எழுதுங்கள்.

நானும் துபாயில் இருக்கும் என் தங்கையும் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் ஆடுவோம். அவள் என் தோட்டத்துக்கு உரம் போடுவாள், நான் அவள் மாடுகளைப் பார்ப்பேன். என் தோட்டத்தை இன்னொரு முறை பார்க்க வழி இருக்கிறதா?
— இல்லத்தரசி, குடியாத்தம்

அக்கா, அந்தத் தோட்டத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வழி இல்லை. இதை இழுக்காமல் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஃபார்ம்வில் 2009 ஜூனில் தொடங்கியது. அடோபி ஃபிளாஷ் என்ற மென்பொருள் மேல் அது ஓடியது. ஃபிளாஷை 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்துவதாக அடோபி அறிவித்ததால், விளையாட்டும் அதே நாளில் நின்றது. ஃபிளாஷில் செய்த ஆயிரக்கணக்கான சின்ன விளையாட்டுகளை ஆர்வலர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தொகுப்பும், ரஃபிள் என்ற மென்பொருளும் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் அவை தானாக ஓடக்கூடியவற்றைத்தான் எளிதில் காப்பாற்றும். உங்கள் தோட்டத்தில் எந்தப் பாத்தியில் ஸ்ட்ராபெர்ரி, எதில் கத்தரி என்ற கணக்கெல்லாம் கம்பெனி சர்வரில் இருந்தது. அது உங்கள் கம்ப்யூட்டரில் ஒருபோதும் இருந்ததில்லை.

ஒன்று செய்யுங்கள். ஃபேஸ்புக்கில் உங்கள் தகவல்களை மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. நீங்களும் தங்கையும் அந்தக் காலத்தில் போட்ட பதிவுகள், தோட்டத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் அந்தப் படங்கள், ஒருவருக்கொருவர் எழுதிய செய்திகள் அதில் கிடைக்கலாம். தங்கையையும் எடுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் இல்லாதது அவரிடம் இருக்கலாம். 4 மணி நேரத்தில் விளையும் ஸ்ட்ராபெர்ரிக்காக அலாரம் வைத்து எழுந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கடல் தாண்டி இருக்கும் தங்கையோடு தினம் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தீர்கள், அவ்வளவுதான்.

நிறுத்தப்பட்ட விளையாட்டுக்கு நாமே சர்வர் எழுதி நடத்தலாமா? சட்டப்படி சரியா?
— பி.சி.ஏ. மாணவர், ஆற்காடு

நல்ல கேள்வி. முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஆன்லைன் விளையாட்டுக்கு இரண்டு பாதிகள். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதில் படம், வரைபடம், ஒலி எல்லாம் இருக்கும். சர்வரில் விதிகள் இருக்கும்: அடித்தால் எத்தனை புள்ளி குறையும், பேய் எங்கே தோன்றும், யார் கையில் எந்த வாள். இரண்டும் ஓயாமல் தகவல் பொட்டலங்களைப் பரிமாறிக்கொள்ளும். ரசிகர்கள் அந்தப் பொட்டலங்களைப் பதிவு செய்து, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்து, சர்வர் பாதியைப் புதிதாக எழுதுகிறார்கள். விளையாட்டு உயிரோடு இருக்கும்போது பதிவு செய்து வைத்திருந்தால் இது கடினமான வேலை. மூடிய பிறகு தொடங்கினால் பாதி ஊகம்தான்.

சட்டத்துக்கு வருவோம். 1957 காப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கணக்கு. முறையாக வாங்கியவர் தன் நகலுக்குக் காப்பு நகல் எடுத்து வைக்கவும், தன் நிரல் இன்னொன்றோடு சேர்ந்து இயங்கத் தேவையான அளவுக்கு ஆராயவும் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்களே சொந்தமாக எழுதிய சர்வர் உங்களுடையது. ஆனால் கம்பெனியின் படங்களையும் வரைபடங்களையும் இணையத்தில் ஏற்றி எல்லோருக்கும் கொடுப்பதோ, திருட்டுத்தனமாக வெளிவந்த நிரலை ஓட்டுவதோ வேறு கதை. கம்பெனி விளையாட்டை மூடினாலும் உரிமை அதனிடமே இருக்கிறது. சர்வரைப் பொதுவில் திறக்கும் முன்பு ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

கிளப் பெங்குவின் என்ற விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? டிஸ்னி அதை 2017 மார்ச்சில் மூடியது. அதை நகல் எடுத்து ரசிகர்கள் நடத்திய ஒரு தளம் 2022 ஏப்ரலில் லண்டன் போலீஸ் நடவடிக்கையில் மூடப்பட்டது, கைதுகளும் நடந்தன. மறுபக்கம், எவர்குவெஸ்ட் விளையாட்டின் பழைய வடிவத்தை நடத்தும் புராஜெக்ட் 1999 என்ற ரசிகர் சர்வருக்கு 2015-இல் உரிமையாளரே எழுத்தில் சம்மதம் கொடுத்தார். டூன்டவுன் என்ற விளையாட்டை டிஸ்னி 2013-இல் மூடிய பிறகு ரசிகர்கள் எழுப்பியது இன்னும் இலவசமாக நடக்கிறது. காசு வாங்காதீர்கள். நன்கொடை, விளம்பரம் எதுவும் வேண்டாம். உரிமையாளருக்கு முதலிலேயே எழுதிக் கேளுங்கள். அப்புறம், யாரோ நடத்தும் ரசிகர் சர்வரில் சேரும்போது உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டையே அங்கேயும் போடாதீர்கள்.

இங்கே என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அச்சாகும் புத்தகத்தில் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், கொல்கத்தா தேசிய நூலகம் போன்ற மற்ற சிலவற்றுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என்று 1954-லேயே சட்டம் போட்டார்கள். பதிப்பகம் மூடினாலும் புத்தகம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். விளையாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2018-இல், முறையாகக் கிடைத்த சர்வர் நிரலை வைத்துக் கைவிடப்பட்ட ஆன்லைன் விளையாட்டுகளை அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பாதுகாக்கலாம் என்று காப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 1980-களின் ஹாபிடாட் என்ற விளையாட்டை ஓக்லாந்தில் ஓர் அருங்காட்சியகம் உயிர்ப்பித்தும் காட்டியிருக்கிறது. கன்னிமாராவுக்குப் புத்தகம் போவதுபோல இங்கேயும் ஒரு நாள் விளையாட்டுகளின் சர்வர் நிரல் போக வேண்டும். இதைக் கேட்பதில் எனக்குக் கூச்சமே இல்லை.

ஒரு விளையாட்டில் உடை, ஆயுதம் வாங்கக் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் கட்டினேன். சில மாதங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
— தோல் தொழிற்சாலை ஊழியர், ராணிப்பேட்டை

முதலில் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். விளையாட்டுக்குள் வாங்கிச் செலவழிக்காமல் மீதி இருக்கும் நாணயங்களுக்குப் பணம் கேட்பது வலுவான கோரிக்கை. மூடும் அறிவிப்பு வந்த பிறகும் உங்களிடம் காசு வாங்கியிருந்தால் அது இன்னும் வலு. பல மாதம் போட்டுக்கொண்டு ஆடிய உடைக்குக் கேட்பது கடினம். பணம் கட்டிய குறுஞ்செய்தி, கூகுள் பிளே ரசீது, மூடும் அறிவிப்பின் தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள். கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கம்பெனி வெளிநாட்டில் இருந்து இங்கே அலுவலகமே இல்லையென்றால் இழுத்தடிக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய விதிகளில், வாங்கியது பொருள் இல்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று எழுதியிருக்கும். இதை எதிர்த்துத்தான் உலகம் முழுக்க இப்போது சண்டை. தி குரூ என்ற கார் விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் அணைத்தது. காசு கொடுத்துக் கடையில் டிஸ்க் வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. தனியாக ஆடினாலும் சர்வர் தேவைப்படும்படி அதைச் செய்திருந்தார்கள். அதிலிருந்து, ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கம் கிளம்பியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அவர்கள் கொடுத்த மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகள் தாண்டின. அவர்கள் கேட்பது என்றென்றும் சர்வர் நடத்தச் சொல்லி இல்லை. மூடும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான். எவ்வளவு அடக்கமான கோரிக்கை! கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நமக்கும் அது வேண்டும்.

பப்ஜியைத் தடை செய்தார்கள், அப்புறம் திரும்பி வந்துவிட்டது. 'கேட்டால் எல்லாம் வரும்' என்கிறான் என் மகன். அப்படித்தானா?
— தகப்பனார், ஆம்பூர்

இல்லை சார், அது வேறு வழக்கு. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் தடுத்த செயலிகளில் அதுவும் ஒன்று. 2021 ஜூலையில் வேறு பெயரில், இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பாக வந்தது. 2022-இல் மறுபடி செயலிக் கடையிலிருந்து தூக்கினார்கள், 2023 மே மாதம் மறுபடி விட்டார்கள். அங்கே சர்வரும் ஆளும் எப்போதும் தயாராக இருந்தன. கதவை அடைத்ததும் திறந்ததும் அரசு. மற்றவர்கள் எழுதியிருப்பது, உள்ளே இருந்ததையே கலைத்துவிட்ட விளையாட்டுகளைப் பற்றி. பையன் எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பது உங்கள் வீட்டுப் பேச்சு, அதில் நான் தலையிடவில்லை. யாரோடு ஆடுகிறான் என்று மட்டும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லுவான்.

நான் இப்போது ஆடும் விளையாட்டில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. மூடிவிடுவார்களோ என்று பயம். இப்போதே என்ன செய்யலாம்?
— பொறியியல் மாணவி, காட்பாடி

வந்த கடிதங்களிலேயே சரியான நேரத்தில் வந்தது உங்களுடையதுதான் அம்மா.

விளையாட்டின் இன்ஸ்டால் கோப்பை, கடைசி அப்டேட் வரை, ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். மூடிய மறுநாள் பதிவிறக்கப் பக்கமே காணாமல் போகும். ஒவ்வொரு ஊரையும், கடையையும், வேலைப் பட்டியலையும் சுற்றி வந்து திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். பேசும் பாத்திரங்களின் வசனம் முழுக்க வரட்டும், வேகமாகத் தட்டிவிடாதீர்கள். எந்தப் பொருளுக்கு என்ன விலை, எந்த எதிரிக்கு எத்தனை உயிர் என்ற எண்களை ஒரு எக்செல் தாளில் போடுங்கள். சர்வரை மறுபடி எழுத உட்காருபவர்களுக்கு அது தங்கம். உங்கள் வகுப்பில் நெட்வொர்க் பாடம் படிப்பவர்கள் இருந்தால், வயர்ஷார்க் என்ற, நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைப் பதிவு செய்யும் மென்பொருளைப் போட்டு உங்கள் சொந்தக் கணக்கின் தகவல் போக்குவரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். விளையாட்டின் விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று முதலில் படித்துவிடுங்கள். அந்தப் பதிவில் உங்கள் பாஸ்வேர்டு சிக்கியிருக்கலாம், வெளியே யாருக்கும் கொடுக்கும் முன்பு மாற்றிவிடுங்கள்.

கூட ஆடுபவர்களின் போன் நம்பரை, அவர்கள் சம்மதித்தால், இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குள் வைத்துக்கொண்ட பெயர் மட்டும் தெரிந்திருந்தால், மூடிய பிறகு அவர்களைத் தேட முடியாது. கம்பெனிக்கும் இந்த வாரமே எழுதுங்கள், மூடும் வரை காத்திருக்காதீர்கள். ஆட்கள் வேலையில் இருக்கும்போது கேட்டால், நகல் எடுத்து வைக்க அங்கே ஒருவர் இருப்பார்.